குழந்தை வயித்துல ஈஸ்ட்: எது நிஜம், எது வியாபாரம்?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஈஸ்ட் பத்தித்தான். கேக்கு, பன்னுக்குப் போடுற ஈஸ்ட் இல்லை, அதோட தூரத்துச் சொந்தம். பேரு கேண்டிடா. இந்த நிமிஷம் உங்க வாயிலயும் குடல்லயும் அது இருக்க வாய்ப்பு நிறைய. பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவு கொடுக்காம ஒரு ஓரமா வாழ்ந்துட்டுப் போற பூஞ்சை அது.

ஆனா கொஞ்ச நாளா ரீல்ஸ்ல இது பெரிய வில்லன். குழந்தை ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குதா? ஈஸ்ட். இனிப்பு கேட்டு அடம் பிடிக்குதா? ஈஸ்ட். ரெண்டரை வயசாகியும் பேச்சு வரலையா? அதுவும் ஈஸ்ட். குடல்ல பெருகிப் போய் மூளையைக் குழப்புதுன்னு சொல்லி, கடைசியில ஒரு டெஸ்ட்டு லிங்க், ஒரு பவுடர் லிங்க்.

இதை எடுத்துப் பேசக் காரணம், ஓசூர்ல இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். கணவன், மனைவி ரெண்டு பேருமே சிப்காட்ல ஷிப்ட் வேலை. பையனுக்கு மூணு வயசு ஆகப் போகுது, கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறான், வார்த்தை நாலைஞ்சுதான். வீட்டுல தமிழ், பக்கத்து வீட்டுல தெலுங்கு, பார்த்துக்கிற ஆயாம்மா கன்னடம். மூணு மொழி குழப்பும், தானா சரியாயிடும்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க. அப்புறம் அத்திப்பள்ளி தாண்டி ஒரு தனியார் சென்டர்ல, ‘குடல்ல ஈஸ்ட் ஓவர்’னு ஒரு சிறுநீர் டெஸ்ட் எடுத்து, ஆறு மாச டயட் கொடுத்திருக்காங்க. பால் கூடாது, கோதுமை கூடாது, பழம் கூடாது, புளிச்ச மாவுல செஞ்ச எதுவும் கூடாது. அக்கா கேட்ட கேள்வி: “பையன் விரும்பிச் சாப்பிடுறதே இட்லி ஒண்ணுதான் தம்பி, அதையும் நிறுத்தணுமா?”

முதல்ல இட்லி. மாவு பொங்குறது ஈஸ்ட்டாலன்னு நாம நினைக்கிறோம். இட்லி மாவைப் பொங்க வைக்கிறதுலயும் புளிக்க வைக்கிறதுலயும் முக்கியப் பங்கு லூகோநாஸ்டாக் மாதிரியான பாக்டீரியாவுக்கு. 1960கள்லயே ஆராய்ஞ்சு எழுதிட்டாங்க. மாவுல கொஞ்சம் ஈஸ்ட்டும் இருக்கும்தான், ஆனா ஆவியில வேகும்போது அது செத்துடும். அதனால ஈஸ்ட்டுக்குப் பயந்து இட்லியை நிறுத்துறதுல அர்த்தமே இல்லை. ஏற்கெனவே நாலு பொருள் மட்டும் சாப்பிடுற குழந்தைகிட்ட இருந்து ரெண்டைப் பிடுங்கினா எடை குறையும், ரத்தசோகை வரும். எனக்கு அதுதான் கவலை.

சரி, இந்தக் கதை எங்கே ஆரம்பிச்சது? அமெரிக்காவுல, அலபாமா மாநிலத்துல பர்மிங்காம்னு ஒரு ஊர். அங்கே ஓரியன் ட்ரஸ்னு ஒரு டாக்டர் 1970கள் கடைசியில, தீராத சோர்வு, மனச்சோர்வு மாதிரி பல பிரச்சினைகளுக்குக் கேண்டிடாதான் காரணம்னு எழுத ஆரம்பிச்சார். அதை எடுத்துக்கிட்டு வில்லியம் குரூக்னு ஒரு குழந்தை மருத்துவர் 1983-ல ‘தி ஈஸ்ட் கனெக்‌ஷன்’னு புத்தகம் போட்டார். செம ஹிட். தலைவலி, சோர்வு, குழந்தைகளோட துறுதுறுப்புன்னு பட்டியல் நீளமா இருந்ததால, யார் படிச்சாலும் “அட, இது நம்ம கதை”ன்னு தோணும். 1986-லயே அமெரிக்க அலர்ஜி மருத்துவர்கள் சங்கம் இதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

அப்புறம் 1990-ல அதே பர்மிங்காம் ஊர்ப் பல்கலைக்கழகத்துல இதை முறையா சோதிச்சாங்க. இப்படியெல்லாம் தொந்தரவு இருக்குன்னு சொன்ன 42 பெண்கள். மாத்தி மாத்தி நிஸ்டாட்டின்ங்கிற பூஞ்சை மருந்தும், மருந்தே இல்லாத டம்மியும் கொடுத்தாங்க. எது எப்போங்கிறது அவங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பிறப்புறுப்பு அரிப்புக்கு மருந்து நல்லா வேலை செஞ்சது. சோர்வு, மனச்சோர்வு மாதிரி உடம்பு முழுக்க இருக்கிற தொந்தரவுகளுக்கு டம்மியை விட மருந்து ஒரு படி கூட மேல போகலை. டம்மியிலயும் பலருக்கு நல்லாயிடுச்சுங்கிறதைக் கவனிங்க. ‘டயட் ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துல குழந்தை மாறிட்டான்’ங்கிற வீடியோவைப் பார்க்கும்போது இது ஞாபகம் வரணும்.

ஒரு குட்டித் தகவல், விட மனசில்லை. நிஸ்டாட்டினைக் கண்டுபிடிச்சது ரெண்டு பெண்கள்: எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில வேலை. ஒருத்தர் நியூயார்க் சிட்டியில, இன்னொருத்தர் ஆல்பனியில. மண்ணுல இருந்து எடுத்த மாதிரிகளைத் தபால்ல அனுப்பி அனுப்பியே 1950-ல மருந்தை அறிவிச்சாங்க. நியூயார்க் ஸ்டேட்டைச் சுருக்கித்தான் நிஸ்டாட்டின்.

ஆட்டிசத்தோட ஈஸ்ட்டை முடிச்சுப் போட்டது கொஞ்சம் பிந்தி. 1995-ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரையில, ஆட்டிசச் சாயல் இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரோட சிறுநீர்ல அராபினோஸ்னு ஒரு சர்க்கரையும் வேற சில வேதிப்பொருளும் அதிகம் இருந்ததா எழுதினாங்க. மொத்தமே ரெண்டு பசங்க! இன்னைக்கு விக்கிற பல சிறுநீர் டெஸ்ட்டுகளோட பூர்வீகம் அந்த வழியிலதான். அராபினோஸ் பழத்துல, காய்கறியில, தானியத் தவிட்டுலயும் இருக்கு. ஆப்பிள் சாப்பிட்ட குழந்தையோட சிறுநீரைப் பார்த்து ஈஸ்ட்னு சொல்ல முடியுமா?

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளோட மலத்துல கேண்டிடா கூடுதலா இருந்ததா சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. ஆனா எது முதல்ல வந்தது? இந்தக் குழந்தைங்க சாப்பாட்டுல ரொம்பத் தேர்ந்தெடுப்பாங்க. 2021-ல ஆஸ்திரேலியாவுல 247 குழந்தைகளை வச்சுப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, குடல் நுண்ணுயிர்ல தெரியற வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் அந்தச் சாப்பாட்டுப் பழக்கமே காரணம்னு சொல்லுது. அதாவது குடல் மாறினதால ஆட்டிசம் வரலை, ஆட்டிசத்தால சாப்பாடு மாறி, அதனால குடல் மாறியிருக்கு.

அந்த ‘எச்சில் டெஸ்ட்’? காலையில எழுந்து டம்ளர் தண்ணியில துப்பி, நூல் மாதிரி இறங்கினா ஈஸ்ட்டாம். காலை எச்சில் கெட்டியாத்தான் இருக்கும், அப்படித்தான் இறங்கும். அதுக்கு மேல ஒண்ணும் இல்லை.

குடல்ல ஈஸ்ட் பெருகி மூளையைப் பாதிக்கிறது நடக்கவே நடக்காதான்னு கேட்டா, நடந்திருக்கு. 2001-ல வெளியான ஒரு கேஸ். 13 வயசுப் பொண்ணு. குடல்ல பெரும்பகுதி இல்லாத நிலை. இனிப்பான பானம் குடிச்சதும் குடிச்ச ஆள் மாதிரித் தள்ளாடியிருக்கா. ரத்தத்துல நிஜமாவே ஆல்கஹால்! குடல்ல இருந்த ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமா மாத்தியிருக்கு. பூஞ்சை மருந்து கொடுத்துச் சரி பண்ணாங்க. நிஜமான ‘ஓவர்’ இப்படித்தான் இருக்கும்: ரொம்ப அபூர்வம், பின்னாடி ஒரு பெரிய குடல் நோய், ரத்தத்துல அளந்து காட்டுற ஆதாரம்.

அந்த அக்காவுக்குச் சொன்னது இதுதான். ஆறு மாச டயட்டை விட, அந்த ஆறு மாசம் பெருசு. பேச்சு தாமதம்னா முதல்ல காது கேக்குதான்னு பார்க்கணும். மூணு மொழி காதுல விழறதால ஆட்டிசம் வராது. கூப்பிட்டா திரும்பாததுக்கு மொழியைக் காரணம் சொல்லித் தள்ளிப் போடக் கூடாது. 2013-ல ஆரம்பிச்ச ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் திட்டத்துல அங்கன்வாடிக்கே டாக்டர் டீம் வரும். வளர்ச்சித் தாமதம்னா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவாங்க. இலவசம். உங்க ஏரியா கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேட்டா வழி சொல்வாங்க. ஓசூர்க்காரங்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸும் பஸ் தூரம்தான், அங்கே குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கு. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல நிப்மெட்.

இப்போ வண்டியைத் திருப்புறேன். ஈஸ்ட் நிஜமாவே தொந்தரவு பண்ற இடங்கள் இருக்கு. ரீல்ஸ்ல அது வராது, ஏன்னா அதுக்கு மருந்து மலிவு.

கைக்குழந்தை வாயில தயிர் ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்கும். ஈரத் துணியால மெல்லத் துடைச்சா போயிட்டா அது பால். போகாம, கீழே சிவப்பா தெரிஞ்சா கேண்டிடாவா இருக்கலாம். சொட்டு மருந்தோ வாயில தடவுற மருந்தோ டாக்டர் எழுதுவாங்க, பெரும்பாலும் சில நாள்ல சரியாகும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆனா அம்மாவுக்குக் காம்புல எரிச்சல் இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கணும், இல்லைன்னா மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டே இருக்கும். வீட்டுல பெரியவங்க துணியைச் சுத்தி அழுத்தி வழிப்பாங்க, தேன் தடவுவாங்க. ரெண்டும் வேண்டாம். வழிச்சா ரத்தம் வரும். தேன்ல இருக்கிற ஒரு பாக்டீரியா விதையால ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு உயிருக்கே ஆபத்தான பாதிப்பு வரலாம்.

அடுத்தது டயப்பர். 2017 சட்டத் திருத்தப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். கையில கான்ட்ராக்ட் வேலைதான்னா பல பேர் அதுக்கு முன்னாடியே ஷிப்டுக்குத் திரும்பிடுறாங்க. புட்டிப்பால், பார்த்துக்கிறவங்க கையில நாள் முழுக்க ஒரே டயப்பர். மழை மாசத்துல ஓசூர்க் குளிருக்குத் துணி காயாது, அதனால துணி நாப்கின் கட்டுறவங்களும் டயப்பருக்கு வந்துடுறாங்க. ஈரமும் சூடும் சேர்ந்த இடம் ஈஸ்ட்டுக்குச் சொர்க்கம். சாதாரணத் தடிப்பு தொடை இடுக்கு மடிப்புக்குள்ள அவ்வளவா போகாது. ஈஸ்ட் மடிப்புக்குள்ளயே பிடிக்கும், சுத்தி சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டா தெறிச்ச மாதிரி இருக்கும். சளிக்கு ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்த வாரத்துல இது வந்தா ஆச்சரியப்படாதீங்க. பாக்டீரியா காலி பண்ணின இடத்துல பூஞ்சை வந்து உக்காருது.

இங்கேதான் ஒரு உள்ளூர்த் தப்பு நடக்குது. மெடிக்கல் ஷாப்புல போய் “குழந்தைக்குப் புண்ணு, ஏதாவது ஆயின்மென்ட் கொடுங்க”ன்னா, பூஞ்சை மருந்து, ஆன்ட்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மூணும் கலந்த ட்யூப் கைக்கு வரும். ரெண்டு நாள்ல சிவப்பு மறையும். அது ஸ்டீராய்டு செய்ற மாயம். தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சுடும், பூஞ்சை உள்ளேயே வளரும். டயப்பரைக் கட்டி மூடி வச்சிருக்கிறதால மருந்து உடம்புக்குள்ளயும் கூடுதலா இறங்கும். தோல்ல தடவுற ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2018-லயே உத்தரவு போட்டிருக்கு. ட்யூப்ல பேரு ‘-சோன்’னோ ‘-சால்’னோ முடிஞ்சா ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க.

இதெல்லாம் வீட்டுச் சமாசாரம். ஈஸ்ட் உயிரை எடுக்கிற இடம், குறைமாசக் குழந்தைங்க இருக்கிற ஐசியூ. தோல் மெலிசு, எதிர்ப்பு சக்தி வளரலை, உடம்புல ட்யூப், கூடவே பலமான ஆன்ட்டிபயாட்டிக். அங்கே கேண்டிடா ரத்தத்துக்குள்ள போயிடும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனையில 1996 ஏப்ரல்ல இருந்து 1998 பிப்ரவரி வரைக்கும் 379 பச்சிளம் குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் பிச்சியா அனோமலாங்கிற ஒரு ஈஸ்ட் தொற்று வந்தது. தேடிப் பார்த்தா, அது ஊழியர்களோட கையிலயே இருந்திருக்கு. கை கழுவுறதைப் பத்தித் தொடர்ந்து சொல்லிக் கொடுத்து, ஆபத்துல இருந்த குழந்தைகளுக்கு முன்கூட்டியே பூஞ்சை மருந்தும் கொடுத்துத்தான் அடக்கினாங்க. மறைக்காம எழுதி வெளியிட்டாங்க பாருங்க, அது பெரிய விஷயம். 2022-ல உலக சுகாதார நிறுவனம் முதன்முறையா ஆபத்தான பூஞ்சைப் பட்டியல் போட்டப்போ, உச்சப் பிரிவுல வச்ச நாலுல ரெண்டு கேண்டிடா வகை.

கடைசியா கொஞ்சம் பெரிய பசங்க. ஒரு வயசு தாண்டின பிறகு வாயில ஈஸ்ட் திரும்பத் திரும்ப வந்தா ஏன்னு கேக்கணும். வீசிங்குக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் போடுற குழந்தையா? இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சாலே பாதி சரியாயிடும். அப்படி எதுவும் இல்லைன்னா எதிர்ப்பு சக்தியில குறை இருக்கான்னு டாக்டர் பார்ப்பாங்க.

இன்னொண்ணு, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. டயப்பர் விட்ட குழந்தைக்குப் பிறப்புறுப்புல அரிப்பு, சிவப்பு அடிக்கடி வருது, கூடவே தண்ணி நிறையக் குடிக்குது, ராத்திரி படுக்கை நனைக்காம இருந்தது திடீர்னு நனைக்குது, நல்லா சாப்பிட்டும் இளைக்குதுன்னா, அது டைப் 1 சர்க்கரை நோயா இருக்கலாம். சிறுநீர்ல இறங்குற சர்க்கரையில ஈஸ்ட் வளருது. இதுக்கு ‘ஈஸ்ட் டயட்’னு வாரக்கணக்குல ஓட்டினா குழந்தை மூச்சு வாங்கி மயங்கி விழற நிலை வரும். விரல் நுனியில ஒரு சொட்டு ரத்தம் போதும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பார்த்துடலாம். வாந்தி, வேகமான மூச்சு, அசதி சேர்ந்திருந்தா காலை ஓ.பி.க்குக் காத்திருக்காம, அந்த ராத்திரியே 108-ஐக் கூப்பிடுங்க.