கருந்துளையின் அடியில்

யூலை மாதம், இரவு பத்து மணி போல, புளியங்குளத்தில் ஏ9 வீதி வெளிச்சத்தை விட்டு உள்ளே போய்த் தெற்கே பார்த்தால், விருச்சிகத்தின் கொடுக்குக்குப் பக்கத்தில் பால்வீதி தடித்துத் தெரியும். அத்திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால், 40 இலட்சம் சூரியன்களின் நிறையோடு ஒரு கருந்துளை இருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி ஒளிரும் வளையத்தின் படம் 2022இல் வெளியாகிவிட்டது. உள்ளே என்ன?

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலைக் கேட்டால், விழுந்ததெல்லாம் நடுவில் நசுங்கி அடர்த்தி முடிவிலி ஆகும் என்கிறது. சமன்பாடு கைவிரிக்கிறது என்று பொருள். அதற்குப் பெயர் ஒருமைப்புள்ளி.

இது தற்செயலான கோளாறு என்று சிலர் நம்பியிருந்தார்கள். 1955இல் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி, ஈர்ப்பானது நகர்பவற்றின் பாதைகளை ஒன்றையொன்று நோக்கி எப்படி நெருக்குகிறது என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். பத்தாண்டு கழித்து ரோஜர் பென்ரோஸ் அதே வழியில் போய், ஒளி மீள முடியாத அளவுக்குச் சுருங்கிய பொருளுக்குள் பாதைகள் அறுந்தே தீரும் என்று நிறுவினார். 2020இல் அவருக்கு நோபல் பரிசு. ராய்சௌதுரி 2005இலேயே காலமாகிவிட்டார்.

ஆனால் அந்த நிறுவல், வெளியை எவ்வளவு வேண்டுமானாலும் நறுக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறது. மகாராட்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர் 1986இல் ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளைப் புதிய மாறிகளில் எழுத, அதிலிருந்து கண்ணிக் குவாண்டம் ஈர்ப்பு என்ற கோட்பாடு வளர்ந்தது. அதன்படி வெளி பன்பாய் மாதிரி: தள்ளி நின்றால் ஒரே விரிப்பு, கண்ணருகே கொண்டுவந்தால் பின்னல். ஒரு கண்ணிக்குக் கீழே பாயே இல்லை. அந்தக் கண்ணியின் அகலம், ஏறத்தாழ ஒரு மீட்டரைப் பத்தின் 35ஆம் அடுக்கால் வகுத்தால் வரும் அளவு.

பரப்புக்கு இப்படிக் கீழ் எல்லை இருந்தால் பூச்சியம் வரை நெரிக்க முடியாது. 2018இல் அஷ்டேகர், ஹாவியர் ஒல்மெடோ, பரம்பிரீத் சிங் மூவரும் போட்ட கணக்கில், வெளியின் வளைவு ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. பெரிய கருந்துளை எதுவானாலும் உச்சம் ஒன்றேதான். அதைக் கடந்தால் எல்லாம் வெளியேறும் பக்கம், வெண்துளை என்பார்கள்.

எல்லாம் நுண்ணிய சரங்களால் ஆனவை என்னும் சரக்கோட்பாட்டுக்காரரான சமீர் மாதூருக்கு இதில் உடன்பாடில்லை. கருந்துளை சரங்களின் பந்து, நடுவே வெற்றிடமே கிடையாது என்பது அவர் கட்சி. கண்ணிக்காரர்களுக்கு அவரைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கிறது. 2018 கணக்கின் கருந்துளை சுழலாதது, பிசிறில்லாத உருண்டை. வானத்தில் உள்ளவை சுழல்கின்றன. சுழலும் கருந்துளைக்குள் சார்பியல் காட்டுவது புள்ளியை அல்ல, ஒரு வளையத்தை. அதற்கு இதே தெளிவில் ஒரு கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை.