முந்திப் பிறந்த குழந்தையின் வயது

தாயின் கருப்பையில் குழந்தை ஏறத்தாழ 40 வாரங்கள் வளர்கிறது. 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 32 வாரங்களுக்கு முன் பிறந்தோருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை.

கருவின் இறுதி மூன்று மாதங்களில் மூளை மிக விரைவாக வளர்கிறது. வழவழப்பான அதன் மேற்பரப்பில் மடிப்புகள் தோன்றுகின்றன. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. 34-ஆம் வாரத்தில் அதன் எடை, நிறைமாத மூளையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஆகும். முந்திப் பிறந்த குழந்தைக்கு எஞ்சிய வளர்ச்சி கருப்பைக்கு வெளியே, ஒளியும் ஓசையும் மிகுந்த மருத்துவமனையில் நிகழ்கிறது. இதனால் சிலருக்கு நடை, பேச்சு, பார்வை, கவனம் ஆகியவற்றில் பின்னர்க் குறை தோன்றலாம். பலர் குறையின்றி வளர்கின்றனர்.

இக்குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கத் 'திருத்திய வயது' உதவுகிறது. 28 வாரங்களில் பிறந்த குழந்தை 12 வாரங்கள் முந்தியது. பிறந்து ஆறு மாதங்கள் ஆனபோது அதன் திருத்திய வயது ஏறத்தாழ மூன்று மாதங்களே. எனவே, "இன்னும் உட்காரவில்லையே" என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. கழுத்து நிற்கத் தொடங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டு வயது வரை இவ்வாறு கணக்கிடுவது வழக்கம்.

1978-இல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில், வெப்பப்பெட்டிகள் போதாத நிலையில், மருத்துவர் எட்கர் ரே ஒரு முறையைத் தொடங்கினார். குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படுமாறு அணைத்து வைத்துத் தாய்ப்பால் ஊட்டுவதே 'கங்காரு பராமரிப்பு' எனும் அம்முறை. அவ்வாறு வளர்ந்தோரை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, மற்றவர்களைவிட அவர்கள் பள்ளிக்கு விடுப்பு எடுத்தது குறைவு என்பது தெரிந்தது. தந்தையும் பாட்டியும்கூட இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம்.

எளிய இம்முறை மலைப்பகுதிகளுக்கும் ஏற்றது. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் 2013-இல் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. தாய்மாரின் இரத்தசோகையும் குழந்தைகளின் எடைக்குறைவும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன.

உயிர் பிழைத்த பின்னரும் தொடர் பரிசோதனை இன்றியமையாதது. பிறந்து 30 நாள்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். செவித்திறனையும் அறிய வேண்டும். வளர்ச்சியை அறியத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் 17 செயல்கள் கொண்ட எளிய அட்டவணையை உருவாக்கியுள்ளது. குறை தெரிந்தால் பயிற்சியை உடனே தொடங்கலாம்.

இடுக்கியின் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்ல மலைப்பாதையில் நெடுநேரம் ஆகும். ஒருநாள் கூலியையும் இழக்க நேரும். குழந்தை நலமாகத் தோன்றினால் அடுத்த பரிசோதனையைக் கைவிடுவோர் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள சொந்த ஊருக்குச் செல்வோர், மருத்துவமனை அளித்த சீட்டைக் கையோடு எடுத்துச் சென்றால் அங்குள்ள மருத்துவரிடமும் பரிசோதனையைத் தொடரலாம். குழந்தை எத்தனை வாரங்களில் பிறந்தது என்பதை அச்சீட்டே அவருக்குக் கூறும்.