பழைய அரிசி பழுதின்றிக் கிடைக்க

"பழைய அரிசி இருக்கிறதா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை, "இருக்கிறது" என்று சொல்லாத கடையும் இல்லை. ஆனால் அரிசி எப்படிப் பழசாகிறது, வாங்கிச் செல்பவர் வீட்டில் அதை எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டால் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

தை அறுவடை நெல்லை உடனே அரைத்து வடித்தால் சோறு குழையும். கஞ்சி கெட்டியாக இறங்கும். அதே அரிசி 6 மாதம் சென்றபின் தண்ணீரை அதிகம் வாங்கிப் பருத்து, உதிரியாக வேகும். சோறும் கூடக் காணும். இதனால் மாவுச்சத்தின் அளவு குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அரிசிக்குள் இருக்கும் புரதம் நாளடைவில் இறுகி மாவைப் பிடித்துக்கொள்வதால், அது எளிதில் கரைந்து கஞ்சியில் கலப்பதில்லை. நமது ஊர் வெப்பத்தில் இம்மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடும். புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்துவிடுவதால், பச்சரிசி அளவுக்கு வேறுபாடு தெரியாது. கைக்குத்தல் அரிசியைப் பழசாக்க முயலவே கூடாது. அதன் தவிட்டில் உள்ள எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடித்துவிடும்.

பழசாவது வேறு, பாழாவது வேறு. இரண்டையும் பிரிப்பது ஈரம். ஈரப்பதம் 14 சதவீதத்திற்கு மேல் உள்ள அரிசியை இருப்பு வைக்கக் கூடாது. ஓராண்டு வைக்க வேண்டுமானால் 12 சதவீதம் அளவில் இருப்பது நல்லது. நாம் வணிகத்திற்கு வந்த புதிதில், விலை மலிவாகக் கிடைத்ததென்று சரியாகக் காயாத சரக்கை வாங்கி, சிமெண்டுத் தரையில் சுவரை ஒட்டி அட்டி போட்டோம். ஐப்பசி மழை முடிந்து பிரித்தால் அடி வரிசை முழுவதும் மஞ்சள் பூத்து, மக்கிய வாடை அடித்தது. கோழித் தீவனத்துக்கு வந்த விலைக்குத் தள்ளினோம். பழைய அரிசி லாபம் தரும் என்று நினைத்த நமக்கு அது முதல் பாடம்.

ஆகவே அட்டியின் அடியில் மரக்கட்டை அவசியம். சுவரிலிருந்து ஆள் நடக்கும் அளவு இடைவெளி விட வேண்டும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். முடிந்தால் அரிசியாக வைப்பதைவிட நெல்லாக வைத்து, தேவைக்கு அரைப்பதே மேல். உமி இயற்கை தந்த உறை. தஞ்சைப் பகுதியில் குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லாகவே வைத்தது இதனால்தான்.

வண்டு அரிசிமணிக்குள் முட்டையிடுவதால் வெளியே தெரிவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அதற்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடையிலோ வீட்டிலோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு உயிரைக் குடிக்கும். உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரைக் கொண்டே கிட்டங்கியில் புகையூட்ட வேண்டும்.

மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளருக்கு நாம் சொல்ல வேண்டியவை:

1. மூடி இறுக்கமான டிரம்மைக் கழுவி, நன்கு காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும். அடியில் கிடக்கும் பழைய மிச்சத்தின்மேல் புதிதைக் கொட்டக் கூடாது.

2. அடுப்புக்கும் குளியலறைச் சுவருக்கும் அருகில் வைக்கக் கூடாது.

3. ஈரக் கையோ, ஈர ஆழாக்கோ உள்ளே போகக் கூடாது.

4. வண்டு வந்தால் சலித்துப் புடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகும்.

5. காய்ந்த வேப்பிலை வண்டை ஓரளவு தள்ளி வைக்கும். மணிக்குள் இருக்கும் முட்டையை அழிக்காது. போரிக் பவுடர் கலக்கவே கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 14 சதவீத ஈரம் 12 ஆகக் குறைந்தால், 100 கிலோ அரிசி 97 கிலோ 730 கிராம் ஆகிவிடும். 25 கிலோ சிப்பத்தில் சுமார் 570 கிராம் குறையும். இருப்பு வைத்த சிப்பத்தை மறுஎடை போடாமல் விற்றால் எடைக்குறைவுக்கு நாமே பொறுப்பு. இந்தச் சேதாரத்தையும் முடங்கிய முதலின் வட்டியையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும்.

அவ்விலையைக் கேட்கும் உரிமை, சொன்னபடி சரக்கு கொடுப்பவருக்கே உண்டு. அரைத்த மாதத்தைச் சிப்பத்தின் அட்டையில் எழுதி வையுங்கள். புதிது என்றால் புதிது என்றே சொல்லி, தண்ணீர் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். உலை கொதித்ததும் உண்மை தெரிந்துவிடும். அதற்கு முன்பே நாம் சொல்லிவிடுவது நல்லது.