தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா: தங்கத் தேர் ஏன் எல்லா வருஷமும் ஓடுவதில்லை?

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் ஆலந்தலை, மணப்பாடு, புன்னைக்காயல் பக்கத்து மீனவர் வீடுகளில் ஒரே பேச்சுதான். "மாதா கோயில் கொடியேத்தம் வந்துட்டு, எப்போ கிளம்பணும்?" திருச்செந்தூரைத் தாண்டி இருக்கும் ஆலந்தலையில் இருந்து தூத்துக்குடிக்கு சுமார் 45 கி.மீ. அவ்வளவு தூரத்தில் நடக்கும் விழா எப்படி இவர்களுக்கும் சொந்த ஊர்த் திருவிழா ஆனது?

ஏழு ஊருக்கும் ஒரே தாய்

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடல்துறைகள் இவைதான். பனிமய மாதாவை 'ஏழு கடல்துறைகளின் அடைக்கலத் தாய்' என்று மக்கள் அழைப்பதும் இதனால்தான். முத்துக்குளிப்பு உரிமைக்காக அரபு வணிகர்களோடு மோதல் முற்றிய நேரத்தில், 1530-களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். கூடவே கத்தோலிக்கத்தையும் ஏற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். மாதாவின் சொரூபம் 1555-ல் மணிலாவில் இருந்து கப்பலில் வந்ததாக பேராலய வரலாறு சொல்கிறது.

ஆகஸ்ட் வெயிலில் பனியா?

தூத்துக்குடியில் ஆகஸ்ட் மாசம் வேர்த்து ஊத்தும். அங்கே பனிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். பெயர் ரோமில் இருந்து வந்தது. 4-ம் நூற்றாண்டில் ஒரு ஆகஸ்ட் 5 அன்று, கடும் கோடையில், அங்குள்ள குன்று ஒன்றில் பனி பெய்தது என்றும், அந்த இடத்தில்தான் மாதாவுக்கு ஆலயம் எழுந்தது என்றும் ஒரு மரபுக் கதை உண்டு. அதே தேதியில்தான் இங்கும் திருவிழா. 1582-ல் இருந்து கணக்கு வைப்பதால், 2023-ல் நடந்தது 441-வது ஆண்டு விழா. இப்போதுள்ள ஆலயம் 1713-ல் கட்டப்பட்டது. 1982-ல் பேராலயமாக உயர்ந்தது.

சரி, தங்கத் தேர்?

ஜூலை 26-ல் கொடியேற்றம், ஆகஸ்ட் 5-ல் பெருவிழா. மொத்தம் 11 நாள். இது வருஷா வருஷம் நடக்கும். பெருவிழா மாலையில் அன்னையின் சொரூபம் வீதிகளில் பவனி வரும். ஆனால் அது தங்கத் தேரில் அல்ல.

தங்கத் தேர் 1806-ல் உருவானது. செய்தவர் பரதவர் சாதித் தலைவராக இருந்த கபிரியேல் தெக்குருஸ் கோமஸ். உயரம் 53 அடி. ஜெபமாலையின் 53 மணிகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். கோயில் தேர் மாதிரியே வடம் பிடித்து இழுப்பார்கள். முத்து வருமானத்தில் பங்கு வைத்திருந்த ஒரு தலைவர், தன் ஊர் மக்கள் முன்னால் தன் அந்தஸ்தையும் சேர்த்தே நிறுத்திய தேர் அது என்று சொன்னால் தப்பில்லை. பின்னாட்களில் விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று தகராறுகளும் வந்தன.

தேரைப் புதுப்பித்து, தங்க வேலை பார்த்து வெளியே எடுப்பது பெரும் செலவு. அதனால் முக்கியமான ஆண்டுகளில் மட்டும்தான் ஓடும். 2007-ல் 425-வது ஆண்டு விழாவுக்கு ஓடியது. 2013-ல் ஆலயத்தின் 300-வது ஆண்டு. பிறகு பத்து வருஷம் கழித்து 2023-ல், 16-வது முறையாக. இரண்டு நூற்றாண்டில் மொத்தமே அவ்வளவுதான். ஒரு ஓட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததைப் பார்க்க பத்து வருஷம்கூட ஆகலாம் என்பதால், வெளிநாட்டில் கப்பல் வேலையில் இருப்பவர்கள்கூட லீவு போட்டு வருகிறார்கள்.

முத்து போச்சு, விழா இருக்கு

இந்தக் கரையின் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. பிழைப்பு முழுக்க மீனுக்கும் சங்குக்கும் மாறிவிட்டது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அது முடிந்து கையில் நாலு காசு சேரும் நேரத்தில்தான் விழா வருகிறது. அன்றைக்குக் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் கிடையாது. தெரிந்தேதான் வலையைக் கரையில் போட்டுவிட்டு வருகிறார்கள்.

ஆகஸ்ட் 5 லீவா?

வழக்கமாக மாவட்ட ஆட்சியர் தூத்துக்குடி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களுக்கு லீவு. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். இது 1881-ம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை இல்லை என்பதால் வங்கிகளுக்குப் பொருந்தாது. எந்தச் சனிக்கிழமை என்பதை ஆட்சியரின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.