முகத்தைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது பாதிப் பேர் கவிதை தருகிறேன் என்றார்கள். எனக்குக் கவிதை வராது. ‘சி.என்.சி. இயந்திரங்கள் - ஓர் அறிமுகம்’ என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைச் சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதனால் முகத்தைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீங்க! ஹாஸ்டலில் தலையணைக்கு அடியில் கிரீம் டியூப் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்க நெருங்க அந்த எண்ணிக்கை இன்னும் கூடும்.

விஷயம் எங்க வீட்டில் நடந்தது. அப்பா தறி ஓட்டுகிறார். அக்கா பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனவள். என் முதல் வருட ஃபீஸ் அவள் சம்பளத்தில் கட்டியது. அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது, கன்னத்தில் இருந்த பருத் தழும்புதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ‘லேசர், பீல், முகப்பொலிவு’ என்று போர்டு மாட்டிய இடத்துக்கு மூன்று பேரும் போனோம். என்னை ஏன் கூட்டிப் போனார்கள் என்றால், வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

உள்ளே ஏ.சி., வெள்ளைக் கோட்டு, சுவரில் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் எல்லாம் இருந்தது. “தம்பி, அது என்னனு படிச்சுப் பாரு” என்றார் அம்மா. படித்தேன். ‘டிப்ளமோ இன் காஸ்மெட்டாலஜி’ என்று இருந்தது. “டிப்ளமோ முடிச்சிருக்காங்கம்மா” என்றேன். நானும் டிப்ளமோதானே படிக்கிறேன், அந்த வார்த்தை மேல் எனக்கு ஒரு மரியாதை! நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆறு சிட்டிங். அதோடு வீட்டில் தடவ ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைக் கிரீம். டப்பா மேல் பெயர் இல்லை, தேதி இல்லை, ஒன்றுமே இல்லை. பத்தே நாளில் முகம் பளபளவென்று ஆனது. தெருவில் எல்லோரும் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கிரீம் தீர்ந்தது, அடுத்ததை வாங்கக் காசு இல்லை. நிறுத்தி ஒரு வாரத்தில் முகம் மிளகாய் அரைத்துப் பூசினது போல் சிவந்து எரிந்தது. முன்னால் இருந்ததைவிட அதிகமாகப் பரு வந்தது. கம்பெனியில் அவளுக்கு அயர்ன் டேபிளில் வேலை. ஆவிச் சூட்டில் நிற்கவே முடியாமல் லீவு போட்டாள். சம்பளமும் போச்சு.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனோம். டாக்டரம்மா முகத்தைப் பார்த்த உடனே, “டப்பா இருக்கா?” என்றுதான் கேட்டார்கள். அது ஸ்டீராய்டு கிரீமாக இருக்கும் என்றார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்று அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஸ்டீராய்டு ஒன்றும் விஷம் இல்லை. எக்ஸிமா போன்ற நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்கு, டாக்டர் சொல்லித் தடவினால் நல்ல மருந்து. அது தோலில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், வீக்கத்தை அடக்கும். அதனால் முகம் வெளுத்த மாதிரி, தழும்பு மறைந்த மாதிரி தெரியும். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் விரியும். அதுதான் சிவப்பு, அதுதான் எரிச்சல். மறுபடி தடவினால் அடங்கும், அதனால் விடவும் முடியாது. இப்படிக் கெட்டுப்போன முகத்துக்கே மருத்துவத்தில் தனிப் பெயர் இருக்கிறதாம்: ‘டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்’. 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அதாவது மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஸ்டீராய்டு மட்டும்தான் ஆபத்து என்றில்லை. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலரிடம் டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, அவர்கள் சிவப்பழகுக் கிரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது. அந்தக் கிரீம்களில் பாதரசம் இருந்தது. முகத்தில் தடவினது சிறுநீரகம் வரை போயிருக்கிறது!

சரி, நான் சான்றிதழைத் தப்பாகப் படித்ததற்கு வருகிறேன். டிப்ளமோ என்ற வார்த்தையில் குற்றம் இல்லை. நம்ம டிப்ளமோ மூன்று வருடம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பரீட்சை வைக்கிறது. டாக்டர்களிலும் டிப்ளமோ உண்டு. பெயருக்குப் பின்னால் டி.டி.வி.எல். என்று இருந்தால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் தோல் நோய் படித்தவர் என்று அர்த்தம். எம்.டி. (டி.வி.எல்.) என்றால் மூன்று வருடம். கத்தி வைத்துச் செய்கிற அழகு அறுவைச் சிகிச்சைக்கு எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர் வேண்டும். ஆனால் எம்.பி.பி.எஸ். என்ற அஸ்திவாரமே இல்லாமல், ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டில் சில வாரம் படித்து வாங்கின ‘காஸ்மெட்டாலஜி’ காகிதம் யாரையும் டாக்டர் ஆக்காது. எனவே சான்றிதழில் தேட வேண்டியது டிப்ளமோ என்ற சொல்லை அல்ல, பதிவு எண்ணை. எம்.பி.பி.எஸ். முடித்து மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலில் ஒரு பதிவு எண் உண்டு. அதைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளே சொல்கின்றன. எண்ணையோ பெயரையோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் நம் செல்போனிலேயே தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. அந்த மாடியில் பதிவு எண் எங்கேயும் இல்லை. இல்லாததைத் தேட எனக்கு அன்று தெரியவில்லை.

எதற்கெடுத்தாலும் டாக்டரா என்று கேட்காதீங்க. திரெடிங், சாதாரண ஃபேஷியல், முடி வெட்டுவது இதெல்லாம் பார்லர் வேலைதான். கை சுத்தமா, பிளேடு புதுசா, துண்டு துவைத்ததா என்று பார்த்தால் போதும். பிளீச் என்றால் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, அரிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளணும். ஊசி, லேசர், வீரியமான ஆசிட் பீல், மருந்து கலந்த கிரீம் என்று வந்துவிட்டால் அது அழகு வேலை இல்லை, வைத்தியம்.

ஊசி விஷயத்தில் உலகத்துக்கே தெரிந்த ஒரு கேஸ் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாத ஓர் அழகு நிலையம். அங்கே செய்த சிகிச்சை, நம் ரத்தத்தையே எடுத்து, அதில் ஒரு பகுதியைப் பிரித்து, நுண் ஊசிகளால் முகத்தில் ஏற்றுவது. 2018-ல், வேறு எந்த வழியிலும் தொற்ற வாய்ப்பில்லாத ஒரு வாடிக்கையாளருக்கு எச்.ஐ.வி. வந்தது. அதிகாரிகள் போய்ப் பார்த்தால், பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் சமையலறை ஃபிரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தன! உறை இல்லாத சிரிஞ்சுகள் டிராயரில் கிடந்தன. இன்னும் சிலருக்கும் அங்கிருந்தே தொற்றியிருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்து, 2024-ல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிக்கை வெளியிட்டது. எனவே ஊசி என்றால் அதன் உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. நம்ம ஒர்க் ஷாப்பில் கிரைண்டிங் வீலில் விரிசல் இருக்கா என்று பார்க்காமல் யாராவது மாட்டுவோமா?

லேசரில் நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். முடி எடுக்கும் லேசர், முடியில் உள்ள மெலனின் நிறமியைச் சூடாக்கி வேலை செய்கிறது. அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறதே! செட்டிங் தவறினால் தோலே வெந்து கருந்திட்டு விழும். அலைநீளம் 1064 நானோமீட்டர் உள்ள லேசர் கருத்த தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது, 755 அவ்வளவு இல்லை. தெரிந்தவர் முதலில் ஓர் ஓரத்தில் சின்னதாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முகம் முழுக்கப் போவார்.

நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? என் அனுபவத்தில், நம்மிடம் அதிகம் கேள்வி கேட்பவர் நல்லவர். அரசு மருத்துவமனையில் அக்காவிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், என்னென்ன தடவினாய், எத்தனை நாளாக என்று வரிசையாகக் கேட்டார்கள். மாடியில் கேட்டது ஒன்றுதான்: “கேஷா, ஜிபேயா?” அரசு டாக்டரம்மா “ஆறு மாசமாவது ஆகும், முழுசாப் பழையபடி வருமானு இப்பச் சொல்ல முடியாது” என்றார்கள். மாடியில் நூறு சதவீத கேரண்டி கொடுத்தார்கள். ஐந்து சிட்டிங் எடுத்தால் ஒன்று ஃப்ரீ என்றார்கள். வைத்தியத்தில் ஆடித் தள்ளுபடி உண்டா?

இன்னொருவரையும் சொல்லணும். எங்க தெருவில் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருக்கும் அக்கா ஒருவர். மாடிக்குப் போவதற்கு முன்பே எங்க அக்கா அவரிடம் தழும்பைக் காட்டியிருக்கிறாள். “இது என் வேலை இல்ல கண்ணு, பெரியாஸ்பத்திரில காட்டு” என்று காசே வாங்காமல் அனுப்பிவிட்டார். அவரிடம் ஏ.சி.யும் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. நாங்கள்தான் கேட்கவில்லை.

இப்படி ஏமாந்தவர்கள் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. டாக்டரே இல்லாதவர் வைத்தியம் பார்த்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். பதிவு பெற்ற டாக்டர் தப்பு செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். பில், டப்பா, போட்டோ எதையும் தூக்கிப் போடாதீங்க. எங்களிடம் பில் இல்லை, கொடுக்கவே இல்லை. இருந்தும் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். “கல்யாணம் ஆக வேண்டிய புள்ள, வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, விடு சாமி” என்று அப்பா தடுத்துவிட்டார். இது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

கல்யாணம் இரண்டு மாதம் தள்ளி நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் அக்காவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாமா நல்லவர், இப்போது மாதா மாதம் ஓ.பி.க்கு அவர்தான் கூட்டிப் போகிறார். சிவப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. வெயிலில் போனால் மட்டும் கொஞ்சம் எரிகிறது என்கிறாள். புது மருந்து எழுதிக் கொடுத்தால் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள், படித்துச் சொல்ல. நான் முதலில் பதிவு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தைப் படிக்கிறேன்.