வரி எந்த ஊரில் விழுகிறது

“அமெரிக்காக்காரன் போட்ட வரிய அமெரிக்காக்காரன்தானணா கட்டணும்? நம்ம குளத்துல ஏன் வெல எறங்குது?” செய்யூர் பக்கம் குளம் குத்தகைக்கு எடுத்து வனாமி இறால் வளர்க்கும் தம்பி ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலை டீக்கடையில் கேட்டது இது. பொருளாதாரம் படித்தவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்வி. ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை என்பதால் இன்னும் இரண்டு சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. சுங்கவரியைக் கட்டுபவர் இறக்குமதியாளர்தான். நியூயார்க்கில் பெட்டி இறங்கும்போது யார் பெயரில் சரக்கு உள்ளே போகிறதோ அவர் பணம் கட்டவேண்டும். ஆனால் அந்தப் பெயர் யாருடையது என்பதை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. உறையவைத்த இறால் வியாபாரத்தில் ‘டிடிபி’ என்று ஒரு முறை உண்டு. கப்பல் கூலி, வரி எல்லாவற்றையும் விற்பவரே கட்டி, வாங்குபவரின் கிடங்கு வரை கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அப்படி விற்றிருந்தால் அமெரிக்க வரியைக் கட்டுவது நம் ஊர் ஏற்றுமதியாளர். ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தாலும் தப்பிக்க வழியில்லை. “ஈக்வடார்காரனுக்கு வரி குறைவு, நீ எவ்வளவு இறங்குவாய்?” என்று வாங்குபவர் கேட்பார்.

2025-இல் நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தால் விஷயம் புரியும். ஏப்ரல் 5 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 10 சதவீதம். ஆகஸ்ட் 7 அன்று அது 25. ஆகஸ்ட் 27 அன்று, ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனையாக இன்னொரு 25 சேர்ந்து 50. இந்திய இறாலுக்கு முன்பே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி 2.49, மானிய எதிர்வரி 5.77. கூட்டினால் 58-ஐத் தாண்டியது. ஈக்வடாருக்கு அப்போது விதித்த புது வரி 15 சதவீதம்தான். 2024-25-இல் இந்தியா 62,408 கோடி ரூபாய்க்குக் கடலுணவு ஏற்றுமதி செய்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனது. போனதில் பெரும்பகுதி இறால். இவ்வளவு பெரிய வாசல் ஒன்று பாதி மூடினால் கூட்டம் மற்ற வாசல்களில் முட்டும், அங்கேயும் விலை இறங்கும்.

இனி தம்பியின் கணக்கு. ஏற்றுமதியாளர் தன் லாபத்தைக் கொஞ்சம் விடுவார். பதப்படுத்தும் ஆலை ஷிஃப்டைக் குறைக்கும். கொள்முதல் ஏஜென்ட், கவுண்டுக்கு (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு) இவ்வளவு என்று இருந்த விலையைக் குறைப்பார். அதற்குக் கீழே குளம்தான் இருக்கிறது. தீவனக் கம்பெனி விலையைக் குறைக்கவில்லை, மின்வாரியம் குறைக்கவில்லை. வனாமி குஞ்சு விட்டுப் பிடிக்க 100 முதல் 120 நாள் ஆகும். ஏப்ரல் கடைசியில், வரி 10 சதவீதமாக இருக்கும்போது குஞ்சு விட்டவர், வரி 50-ஐத் தொடும் ஆகஸ்டில் வலை போட நேர்ந்தது. பயிர் வளரும் வேகத்தைவிட வாஷிங்டனின் கையெழுத்து வேகமாக ஓடியது. விலை ஏறட்டும் என்று குளத்திலேயே விட்டுவைக்கலாமா என்றால், ஏரேட்டர் ராத்திரி முழுக்க ஓடவேண்டும், தீவனம் போடவேண்டும், வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிடுமோ என்று தூக்கம் கெடவேண்டும். வரி யார் தலையில் விழும் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: அந்தச் சங்கிலியில் காத்திருக்க முடியாதவர் யாரோ அவர் தலையில். பொருளாதாரப் புத்தகங்கள் இதையே கோடு போட்டு விளக்கும். குளக்கரையில் கோடு தேவையில்லை.

இதில் கப்பல் எங்கே வருகிறது என்று தம்பிக்குச் சந்தேகம். ஆகஸ்ட் 27 அன்று அமலுக்கு வந்த உத்தரவில் ஒரு சலுகை இருந்தது. அந்தத் தேதிக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தில் நுழைந்துவிட்ட சரக்குக்குக் கூடுதல் 25 சதவீதம் கிடையாது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. இடைவெளி மூன்று வாரம். சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். 2023 கடைசியில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. அதில் இன்னும் பல நாள் கூடும். ஆக, ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பிடித்த இறாலுக்கு அந்தச் சலுகை காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

நேர்க்கப்பல் கிடைக்காத பெட்டி கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறவேண்டும். இது பழைய கதை. கொழும்பு உலகக் கப்பல்பாதையை ஒட்டி இருக்கிறது, சென்னை ஒதுங்கி இருக்கிறது என்பது பாதிக் காரணம். மீதி, நாமே எழுதிக்கொண்டது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, ஒரு இந்தியத் துறைமுகத்திலிருந்து இன்னொரு இந்தியத் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் உரிமை இந்தியக் கொடி பறக்கும் கப்பலுக்கே இருந்தது. வெளிநாட்டுக் கப்பல் என்றால் தனி உரிமம் வாங்கவேண்டியிருந்தது. நம் கப்பல்களைக் காப்பாற்றத்தான் அந்த விதி. ஆனால் போதுமான இந்தியக் கப்பல்கள் இல்லை. சென்னைப் பெட்டியைக் கொச்சி வல்லார்பாடத்துக்குக் கொண்டுபோய்க் கப்பல் மாற்றுவதைவிடக் கொழும்புக்கு அனுப்புவது சுலபமாக இருந்தது; கொழும்பு வெளிநாடு என்பதால் எந்தக் கொடியும் தடையில்லை. 2018 மே மாதம்தான், கப்பல் மாறப்போகிற ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டை எல்லாத் துறைமுகங்களுக்கும் தளர்த்தினார்கள். பெரிய கப்பலுக்குப் பெட்டி மாற்றும் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறையாகத் திறக்கப்பட்டது. இத்தனை வருடம் நம் பெட்டிகளை ஏற்றி இறக்கிய கூலியில் ஒரு பகுதி கொழும்புக்குப் போனதற்கு இலங்கை நமக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கலாம்.

கொடியைப் பற்றிப் பேசும்போது கோவளத்தை விடமுடியாது. இன்று அலைச்சறுக்குக்காரர்கள் பலகையோடு திரியும் அந்தக் கரையில், முந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பியக் கப்பல்கள் நங்கூரமிட்டன. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் வளர்த்த ஊர். அவர் பெயரால் சாதத்பட்டணம் என்றும் அழைக்கப்பட்டது. அங்கே இடம் பிடித்தது ஆஸ்டெண்ட் கம்பெனி. ஆஸ்டெண்ட் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியாவின் கையில். கிழக்கு வணிகத்துக்கு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தத்தம் கம்பெனிகளுக்கு ஏகபோகம் கொடுத்திருந்தார்கள். அதில் இடம் கிடைக்காத ஆங்கில, டச்சு மாலுமிகளும் முதலாளிகளும் ஆஸ்டெண்டுக்குப் போய், பேரரசர் ஆறாம் சார்லஸின் கொடியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1722 டிசம்பரில் கம்பெனிக்கு முறையான சாசனமும் கிடைத்தது. கோவளத்தில் நம் கரையின் துணிக்குப் புதிதாக ஒரு கிராக்கி. வாங்குபவர் ஒருவர் கூடினால் நெசவாளிக்கு என்ன லாபம் என்று தம்பிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை; இரண்டு ஏஜென்ட் வண்டி ஒரே நாளில் குளக்கரைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் சும்மா இருக்குமா? கம்பெனியை மூடச் சொல்லி நெருக்கின. சார்லஸுக்கோ ஆண் வாரிசு இல்லை; மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வருவதை மற்ற அரசுகள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது அவர் கவலை. 1727-இல் கம்பெனியின் சாசனம் ஏழு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1731 வியன்னா உடன்படிக்கையில் பிரிட்டன் அந்த வாரிசுரிமையை ஏற்றது. பதிலுக்கு சார்லஸ் கம்பெனியையே கைவிட்டார். கோவளத்தின் கப்பல் வரத்து வியன்னாவில் ஒரு மகளுக்குச் சீராகப் போய்விட்டது. மாலுமிகள் வேறு கொடி தேடிக்கொண்டார்கள், முதலாளிகள் பணத்தை வேறு கப்பலில் போட்டார்கள். தறி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.  

வரி எப்போதும் கெடுதலே செய்யும் என்று நான் சொல்லவரவில்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே எதிர்ச்சாட்சி இருக்கிறது. முழுக் காராக இறக்கினால் பெரிய வரி, உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினால் சின்ன வரி என்று இந்தியா வைத்த வித்தியாசம் இல்லாமல் 2007-இல் மகேந்திரா சிட்டிக்கு பிஎம்டபிள்யூ வந்திருக்குமா என்பது சந்தேகம். பிறகு, எஞ்சின் ஏற்கெனவே பூட்டப்பட்டு வந்தால் கூடுதல் வரி என்றார்கள். எஞ்சின் பூட்டுவதும் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அப்படி வந்த வேலை, விதியில் ஒரு வரி மாறினால் ஆடும். பக்கத்து மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் வேறு காரணங்களால் கார் உற்பத்தி நின்றது. அதே ஆலைக்காக 2025 அக்டோபரில் கையெழுத்தான ஒப்பந்தம் ஏற்றுமதிக்கான எஞ்சின்களைப் பற்றியது. இனி அந்த ஊரும் வெளிநாட்டுச் சுங்க அறிவிப்புகளைப் படிக்கவேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர், “எங்க சாமிங்களும் அமெரிக்கா போவுதே சார், அதுக்கும் ஐம்பதா?” என்றார். அதற்கு விடை சதவீதத்தில் இல்லை, வகைப்பாட்டில் இருக்கிறது. உலகச் சுங்க அட்டவணையில் செதுக்கிய கல் 68-ஆம் அத்தியாயம். அசல் சிற்பம் 97-ஆம் அத்தியாயம். 2025-இன் 50 சதவீதம் எந்த அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தின் பேரில் விதிக்கப்பட்டதோ, அதே சட்டம் கலைப்படைப்புகளைத் தொடக்கூடாது என்கிறது. அப்படியானால் பிள்ளையார் கலையா, கல்லா? 1926-இல் சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் நியூயார்க்கில் இறங்கியபோது, சுங்க அதிகாரிகள் அதைச் சமையல் பாத்திரங்களோடு சேர்த்து 40 சதவீத வரி கேட்டார்கள். வழக்கு நடந்து 1928-இல்தான் அது கலை என்று தீர்ப்பானது. 97-ஆம் அத்தியாயத்தின் குறிப்பு இன்றும் ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறது: வணிகத்துக்காகச் செய்யும் மரபான கைவினை, கலைஞரே செய்தாலும், அசல் சிற்பம் ஆகாது. சிற்ப சாஸ்திர அளவுப்படி செதுக்குவதுதான் நம் மரபின் பெருமை. அந்தப் பெருமையே சுங்கச்சாவடியில் எதிர்வாதமாக நிற்கிறது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இறாலைப் போலக் கல் கெடாது, விலை வரும்வரை பட்டறையில் கிடக்கலாம். ஆனால் உளி பிடிப்பவருக்குச் சனிக்கிழமை கூலி வேண்டும். ஒரே மாதிரியான பத்துப் பிள்ளையார் ஒரு பெட்டியில் போனால் 68-இலிருந்து தப்பிப்பது கடினம். ஒரு கோயிலுக்கென்று ஒருவர் வடிவமைத்து, ஒரே ஒரு முறை செதுக்கிய மூர்த்திக்கு வாதாட இடம் உண்டு. செதுக்கியவர் கையெழுத்திட்ட சான்று, வேலை நடக்கும்போது எடுத்த படங்கள், தனி விலைப்பட்டியல் எல்லாம் கூடவே போகவேண்டும். ஏற்றுமதி முகவர் பில்லில் என்ன எண் போட்டார் என்று அடுத்த பெட்டி மூடுவதற்கு முன் கேட்டுப் பார்க்கும்படி சிற்பியிடம் சொன்னேன்.