பாதி சுரண்டினால் போதும்

திருப்புலிவனம் பக்கத்து வயல்களில் பம்புசெட் மோட்டார் எரிந்தால், காயில் கட்டும் பட்டறைக்குத்தான் போகும். அங்கே வெட்டி எறியும் புதுக் கம்பித் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காந்தவியல் பாடத்துக்கு அதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. எரிந்த காயிலில் உரித்தது மட்டும் வேண்டாம், எனாமல் கருகியிருக்கும்.

ஒன்றேகால் மீட்டர் கம்பியைப் பெரிய டார்ச் செல்லின் மேல் பத்துச் சுற்று சுற்றிக் கழற்றி, இரு முனைகளையும் எதிரெதிரே நேராக நீட்டிவிடுங்கள். செல்லின் இரு முனையிலும் ஊக்குகளை நிறுத்தி, சைக்கிள் டியூபில் நறுக்கிய பட்டையால் இறுக்குங்கள். ஊக்கின் துளைகளில் கம்பி முனைகள் உட்காரும். செல்லின் முதுகில் பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். மோட்டார் தயார்.

ஆனால் பலருக்குச் சுற்றாது. இரு முனையிலும் எனாமலை முழுக்கச் சுரண்டியிருப்பார்கள். அப்போது காந்தம் அரைச்சுற்றில் வளையத்தை முன்னே தள்ளும், அடுத்த அரைச்சுற்றில் பின்னே தள்ளும். வளையம் நடுங்கிவிட்டு நின்றுவிடும். ஒரு முனையை முழுக்கச் சுரண்டி, மறுமுனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டினால், எதிர்த்தள்ளல் வரும் நேரத்தில் மின்சாரம் அறுந்துவிடும். மிச்ச அரைச்சுற்றை வேகமே கடத்திவிடும். என்னைக் கேட்டால், மோட்டார் சுற்றும் வகுப்பைவிட, முதலில் சுற்றாமல் அடம்பிடிக்கும் வகுப்பில்தான் பாடம் அதிகம். விரலால் லேசாகத் தட்டிக் கிளப்புங்கள். நீண்டநேரம் ஓடவிட்டால் செல் சுடும்.

இத்தகைய ஊக்கு மோட்டார்களை இந்தியப் பள்ளிகளில் பரப்பியவர்களில் முக்கியமானவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1972-ல் மத்தியப் பிரதேசத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் சேர்ந்து, தீக்குச்சியையும் வால்வு டியூபையும் பொம்மையாக்கினார். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மூரில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ஆம் வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களைக் கொண்டுபோகிறது. நல்ல காரியம்தான், ஆனால் பட்டறைக் கம்பி பிள்ளையின் பையிலேயே வீட்டுக்கும் போகும்.

இரும்புத்தூள் வாங்கவும் வேண்டாம். காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி ஆற்று மணலில் புரட்டினால் ஒட்டும் கருந்துகள்களில் பெரும்பாலானவை மேக்னடைட். பையை உரித்தால் உதிர்ந்துவிடும்.

இயக்கவியலுக்கு ஒரு நட்டும் நூலும் போதும். கால் மீட்டர் நூலில் நட்டு போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு நொடி. ஒரு மீட்டராக்கினால்? நாலு நொடி என்று வகுப்பே சொல்லும், வருவது இரண்டுதான். நட்டை இரட்டிப்பாக்கினாலும் மாறாது. நூலை முடிச்சு வரை அளக்காமல், நட்டின் நடுவரை அளக்க வேண்டும்.